எம்.வி.பி. டிஃப்ளெக்டர்: சில சீசன்கள் எறிந்த பிறகு

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் எறிய எம்.வி.பி. நிறுவனம் தயாரிக்கும் டிஃப்ளெக்டர் என்ற டிஸ்க்கைச் சில சீசன்களாக எறிந்துவருகிறேன். வாங்கிய புதிதில் எழுதும் விமர்சனங்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. மரத்தில் மோதி, பனியில் கிடந்து, விளிம்பு தேய்ந்த பிறகு அதே டிஸ்க் எப்படிப் பறக்கிறது என்று எழுதுபவர்கள்தான் குறைவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தூரம் போகிற டிஸ்க் இல்லை, நேராகப் போகிற டிஸ்க்கும் இல்லை. எவ்வளவு ஓங்கி எறிந்தாலும், எதிர்காற்று எப்படி அடித்தாலும், கடைசியில் ஒரே பக்கம்தான் திரும்பும். அந்த ஒரு குணத்துக்காகவே இதைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தக் குணம் தேவைப்படாதவர்களுக்கு இது தண்டச் செலவு.

டிஸ்க் கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: கோல்ஃப் மாதிரியேதான், மட்டைக்கும் பந்துக்கும் பதில் பிளாஸ்டிக் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிதலில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்த களத்திலிருந்து இந்த விளையாட்டின் வரலாற்றைத் தொடங்குவார்கள். சங்கிலிக் கூடையும் அவர் கொண்டுவந்ததுதான். ஆரம்பத்தில் கடற்கரை ஃபிரிஸ்பீ போன்றவற்றைத்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய டிஸ்க்கைக் கொண்டுவந்த பிறகு ஆட்டமே மாறியது. டிரைவர், மிட்ரேஞ்ச், பட்டிங் டிஸ்க் என்று வகைகள் பிரிந்தன. டிரைவர் நெடுந்தூரத்துக்கு, பட்டிங் டிஸ்க் கூடைக்குப் பக்கத்திலிருந்து போட, டிஃப்ளெக்டரும் சேர்ந்த மிட்ரேஞ்ச் வகை நடுத்தரத் தூரத்துக்கு. என் கைக்கு அது 180 அடியிலிருந்து 260 அடி வரை. (இந்த ஆட்டத்தில் யாரும் மீட்டரில் பேசுவதில்லை. குறைந்தபட்சம் நான் ஆடும் இடத்தில்.)

நான் ஆடுவது தென்கிழக்கு மிச்சிகனில். டெக்ஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் ஹியூரான் ஆற்றை ஒட்டிய ஹட்சன் மில்ஸ் பூங்கா, அப்புறம் கென்ட் ஏரிக்கரையில் இருக்கும் கென்சிங்டன் பூங்கா. இரண்டும் மெட்ரோபார்க்ஸ் நிர்வாகத்தில் உள்ளவை. கென்சிங்டனின் மேடு பள்ளமும் அங்கே வீசும் காற்றும் இந்த டிஸ்க்கைப் புரிந்துகொள்ள ரொம்பவே உதவின. எம்.வி.பி.யும் மிச்சிகன்காரர்கள்தான். இந்த மாநிலத்தின் வரைபடம் கையுறை வடிவில் இருக்கும். அதில் கட்டைவிரல் என்று சொல்லப்படும் பகுதியில், வயல்களுக்கு நடுவே மார்லெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. டிஸ்க் அங்கே தயாராகிறது. அந்த வகையில் உள்ளூர்ச் சரக்கு என்ற பாசமும் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

டிஸ்க்கின் குணத்தைச் சொல்ல நான்கு எண்கள் போடுவார்கள். முதலாவது வேகம், இரண்டாவது கிளைடு, மூன்றாவது டர்ன், நான்காவது ஃபேட். டிஃப்ளெக்டருக்கு அவை 5, 3.5, 0, 4. வேகம் என்பது அந்த டிஸ்க் சரியாகப் பறக்க எவ்வளவு வேகத்தில் எறிய வேண்டும் என்பதைக் குறிக்கிறது. கிளைடு, காற்றில் மிதக்கும் தன்மை. டர்ன், வேகம் உச்சத்தில் இருக்கும்போது எவ்வளவு வலப்பக்கம் சாயும் என்பது. ஃபேட், வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் இழுக்கும் என்பது. இந்தக் கட்டுரையில் இடம், வலம் என்று சொல்வதெல்லாம் வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசி) எறிவதை வைத்து. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, டிஸ்க்ராஃப்டின் பஸ் என்ற மிட்ரேஞ்சை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்க விற்கும் டிஸ்க் அது. அதன் எண்கள் 5, 4, -1, 1. வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பஸ் நேராகப் போய், போகும் வழியில் லேசாக வலம் சாய்ந்து, கடைசியில் சிறிது இடம் வந்து இறங்கும். டிஃப்ளெக்டரின் மூன்றாம் எண் பூஜ்யம், நான்காம் எண் நான்கு. அதாவது வலப்பக்கம் எட்டியே பார்க்காது. வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சரிந்து இறங்கிவிடும். இந்தக் குணத்தைத்தான் ஓவர்ஸ்டேபிள் என்கிறார்கள்.

ஏன் இப்படித் திரும்புகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். விஷயம் சுவாரசியமானது என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். வலக்கை பேக்ஹேண்டில் எறியும்போது, மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரத் திசையில் சுழலும். பறக்கும் டிஸ்க்கைக் காற்று தூக்கிப்பிடிக்கும் புள்ளி எப்போதும் சரியாக நடுவில் இருப்பதில்லை. வேகமாகப் போகும்போது அது நடுவுக்குப் பின்னால் நகரும்; டிஸ்க்கின் மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அமுக்கப் பார்க்கும். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கும்போது அதே புள்ளி முன்னால் வரும். மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். சுழலாத பொருளாக இருந்தால் மூக்கு அப்படியே ஏறும் அல்லது இறங்கும். சுழலும் பொருள் அப்படிச் செய்யாது. சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தைப் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். தட்டிய திசையில் விழாமல், அதற்குக் குறுக்கே சாய்ந்து வட்டமடிக்கும். டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. மூக்கை அமுக்கும் விசை வலப்பக்கச் சாய்வாக மாறுகிறது, அதுதான் டர்ன். மூக்கைத் தூக்கும் விசை இடப்பக்கச் சாய்வாக மாறுகிறது, அதுதான் ஃபேட்.

இரண்டில் எது ஓங்கும் என்பதை விளிம்பின் வடிவம் பெரிதும் தீர்மானிக்கிறது. விளிம்பின் மேல்பாதியும் கீழ்பாதியும் சந்திக்கும் கோட்டைப் பார்ட்டிங் லைன் என்பார்கள். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு டிஸ்க் ஓவர்ஸ்டேபிளாக இருக்கும். டிஃப்ளெக்டரையும் நேராகப் பறக்கும் ஒரு மிட்ரேஞ்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிஃப்ளெக்டரின் மூக்கு உயர்ந்து, மொண்ணையாக நிற்கும். மற்றதன் மூக்கு தாழ்ந்திருக்கும். கடையில் நின்று டிஸ்க் வாங்குபவர்கள் எல்லாரும் இந்த ஒரு சோதனையைச் செய்யலாம். ஒரே பெயரில் வரும் டிஸ்க்குகளிலேயே ஒரு தொகுப்புக்கும் இன்னொன்றுக்கும் இந்த உயரத்தில் சிறு மாற்றம் இருக்கும், அதற்கேற்ப பறப்பதும் மாறும்.

எம்.வி.பி.க்கு என்று ஒரு தனித்தன்மை உண்டு. டிஸ்க்கின் உடல் ஒரு பிளாஸ்டிக்கிலும், வெளி வளையம் அதைவிட அடர்த்தியான இன்னொரு பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்படுகிறது. அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்தாலே எம்.வி.பி. என்று தெரிந்துவிடும். எடை வெளியே இருப்பதால் சுழற்சி அவ்வளவு சீக்கிரம் தணியாது. நேராகப் பறக்கும் டிஸ்க்கில் இதன் பலன் எனக்கு அத்தனை தெரியவில்லை. டிஃப்ளெக்டரில் தெரிகிறது. ஃபேட் திடீரென்று வெட்டித் திரும்பாமல், சீராக வளைந்து வருகிறது. எங்கே திரும்பத் தொடங்கும், எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது.

கையில் பிடிக்கும்போது முதலில் உணர்வது அந்த வளையத்தைத்தான். விரல்கள் உள்பக்கம் மடங்கிப் பிடிக்கும் விளிம்பு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிக அகலம். டிரைவர்களைப் போலக் கையை அகட்ட வேண்டியதில்லை. பட்டிங் டிஸ்க்கைவிடப் பிடிமானம் உறுதி. என்னிடம் இருப்பதன் மேல்பகுதி அதிகம் குமிழாமல் தட்டையாக இருப்பதால் கட்டைவிரல் அழுத்தமாகப் படிகிறது. சின்னக் கைக்காரர்களுக்கு மிட்ரேஞ்ச் பொதுவாகவே கொஞ்சம் பருமனாகத் தோன்றும், இதுவும் விலக்கில்லை. என் மனைவி ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, சோற்றுத் தட்டே இதைவிடப் பரவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, பறப்பதற்கு வருவோம். காற்றில்லாத நாளில், தட்டையாகப் பிடித்து, முழு பலத்தில் எறிந்தால் ஒரு 130, 140 அடி வரை அம்பு மாதிரி நேராகப் போகும். பிறகு இடப்பக்கம் சாயத் தொடங்கி, 200-லிருந்து 220 அடிக்குள் தரையைத் தொடும். எறிந்த கோட்டிலிருந்து 40 அடியாவது இடப்பக்கம் போயிருக்கும். அதே பலத்தில் நான் எறியும் பஸ் 250 அடி தாண்டும். ஆக, இதற்காக 30 அடிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறேன். கிளைடு 3.5 என்று போட்டிருந்தாலும், சாயத் தொடங்கிய பிறகு இது மிதப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. இறங்குவது என்று முடிவெடுத்துவிட்டால் இறங்கிவிடும்.

இந்த விட்டுக்கொடுத்தலுக்குக் கிடைக்கும் பலன் என்ன? கூடைக்கு வலப்பக்கம் தண்ணீரோ, அடர்ந்த புதரோ, களத்தின் எல்லைக்கோடோ இருக்கும்போது டிஃப்ளெக்டரை எடுத்தால் அந்தப் பக்கக் கவலை அநேகமாகப் போய்விடுகிறது. கை சற்று முந்திவிட்டாலும், மணிக்கட்டு திரும்பிவிட்டாலும், டிஸ்க் வலப்பக்கமே போய்ச் சேராது. தப்பு நடந்தால் இடப்பக்கம் நடக்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் தவறும் என்று தெரிந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. கூடைக்கு நேரே குறி வைக்காமல், அதற்கு வலப்பக்கம் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்துவிட்டு, மற்றதை டிஸ்க்கின் பொறுப்பில் விட்டுவிடலாம்.

சாய்த்து எறிவது இன்னொரு விஷயம். டிஸ்க்கின் இட விளிம்பு தாழ இருக்கும்படி சாய்த்து எறிவதை ஹைசர் என்பார்கள். பெரும்பாலான மிட்ரேஞ்சுகள் ஹைசரில் எறிந்தாலும் பாதி வழியில் நிமிர்ந்து தட்டையாகிவிடும். டிஃப்ளெக்டர் எந்தச் சாய்வில் விட்டேனோ அதே சாய்வில் போகிறது, மேலும் சாய்கிறது, நிமிர்வதே இல்லை. மரத்தைச் சுற்றி இடப்பக்கம் வளைந்து போக வேண்டிய இடத்தில் இதைவிட நம்பகமான டிஸ்க் என் பையில் கிடையாது. உயரத் தூக்கிச் செங்குத்தாக இறங்கும்படி எறிந்தால், விளிம்பால் தரையைக் குத்தி, விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். மழைக்குப் பிந்தைய ஈரத் தரையில் அந்த எறிதல் ரொம்பவே கைகொடுக்கிறது.

எதிர்ச்சாய்வுக்கு ஆன்ஹைசர் என்று பெயர். மற்ற டிஸ்க்குகளை அப்படி எறிந்தால் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும்; சில சமயம் உருண்டே ஓடிவிடும். டிஃப்ளெக்டரைப் பலமாக ஆன்ஹைசரில் எறிந்தால் முதலில் வலப்பக்கம் போய், நடுவில் தானாகத் தட்டையாகி, கடைசியில் இடப்பக்கம் திரும்பி வரும். ஆங்கில எழுத்து எஸ் போல ஒரு பாதை. இந்த டிஸ்க்கிலிருந்து அதிகபட்சத் தூரத்தைப் பிழிய இதுதான் வழி. நல்ல நாளில் 240 அடி தொட்டிருக்கிறது. ஆனால் அதற்கு அகலமான வெட்டவெளி வேண்டும், ஹட்சன் மில்ஸின் மரங்களுக்கு நடுவே அது நடக்காது.

இப்போது காற்று. இந்த டிஸ்க்கை வாங்கக் காரணமே அதுதான்.

கென்சிங்டனில் டொபாகன் என்றொரு களம் உண்டு. குளிர்காலத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடும் குன்றில் அமைந்தது. டிஸ்க்ராஃப்ட் கிரேட் லேக்ஸ் ஓப்பன் போட்டியை அங்கே நடத்தியிருக்கிறார்கள். மறைப்பதற்கு மரம் குறைவு. மேட்டில் ஏறி நின்றால் சட்டை படபடக்கும். எதிர்காற்றில் டிஸ்க்குக்கு என்ன ஆகிறது என்றால், காற்றோடு ஒப்பிடும்போது அதன் வேகம் கூடிவிடுகிறது. மணிக்கு 45 மைலில் எறிந்த டிஸ்க், 15 மைல் எதிர்காற்றில் 60 மைலில் போவது போல நடந்துகொள்ளும். மேலே சொன்ன கணக்குப்படி, வேகம் கூடினால் வலப்பக்கச் சாய்வும் கூடும். அதனால் வழக்கமாக நேராகப் போகும் டிஸ்க் எதிர்காற்றில் வலப்பக்கம் புரண்டு விழுகிறது. சற்று உயரத் தூக்கி எறிந்திருந்தால் காற்று அதை அள்ளிக்கொண்டு வேறெங்கோ போட்டுவிடுகிறது.

டிஃப்ளெக்டர் அந்தக் காற்றில்தான் நேராகப் போகும் டிஸ்க்காக மாறுகிறது. பலமான எதிர்காற்றில் லேசான ஹைசரில், மூக்கு ஏறாமல், தோள் உயரத்தில் விட்டால் சாய்வு அப்படியே நிற்கும். 150 அடியிலும் இடப்பக்கம் விழுவதற்கு அவசரப்படாது. கூடை நெருங்கும் நேரத்தில் இடது விளிம்பு மெல்லத் தாழ்ந்து, கடைசி 30 அடியில் உள்ளே வளைந்து இறங்கும். காற்றில்லாத நாளில் 40 அடி இடப்பக்கம் போகிற அதே எறிதல், அன்றைக்கு 15 அடிதான் போயிருக்கும். எண்களில் 0, 4 என்று போட்டிருப்பது அமைதியான நாளுக்கு மட்டும்தான். காற்று நாளில் அந்த எண்களை மனதுக்குள் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பின்காற்றில் கதை தலைகீழ். காற்றோடு ஒப்பிட்ட வேகம் குறைகிறது. டிஸ்க் இன்னும் ஓவர்ஸ்டேபிளாக நடந்துகொள்கிறது. பின்காற்றில் டிஃப்ளெக்டரை எறிவது வீண் வேலை, கையை விட்டுப் போனதும் சரிந்துவிடும். பக்கக் காற்றிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இடப்பக்கம் சாய்ந்து வரும் டிஸ்க்கின் அடிப்பகுதி வலப்பக்கம் பார்க்கும். காற்று வலப்பக்கமிருந்து அடித்தால் அந்த அடிப்பகுதியில் மோதி டிஸ்க்கைத் தூக்கி மேலும் இடப்பக்கம் தள்ளும். நினைத்ததைவிட 20, 30 அடி கூடுதலாக நகர்ந்துவிடும். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் மேல்பகுதியில் அடித்துத் தரையோடு அமுக்கும். இரண்டாவது நிலைமையில்தான் இந்த டிஸ்க் ரொம்பக் கட்டுப்பாடாக இறங்குகிறது. பந்தயத்துக்கு முன் புல்லைக் கிள்ளிக் காற்றில் விடும் ஆட்களைப் பார்த்து முதலில் சிரித்திருக்கிறேன். இப்போது நானும் விடுகிறேன்.

காற்றுக்காக வாங்கினாலும், இன்றைக்கு நான் இதை அதிகம் எடுப்பது ஃபோர்ஹேண்டுக்கு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் உள்விளிம்பில் ஒட்டி நிற்க, கட்டைவிரல் மேலே அழுத்த, முழங்கையை உடம்போடு ஒட்டி மணிக்கட்டால் சொடுக்கி விடும் எறிதல் அது. சுழற்சி எதிர்த்திசையில் இருப்பதால் டிஸ்க் கடைசியில் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் வளையும் பாதைகளுக்கு இதுதான் வழி. பிரச்சினை என்னவென்றால், ஃபோர்ஹேண்டில் டிஸ்க் கையை விடும்போது தள்ளாடும். என்னைப் போன்ற வார இறுதி ஆட்டக்காரர்களுக்குக் கண்டிப்பாகத் தள்ளாடும். பஸ் மாதிரி டிஸ்க் அந்தத் தள்ளாட்டத்தைப் பொறுக்காது, அப்படியே கவிழ்ந்துவிடும். டிஃப்ளெக்டர் முதல் 20, 30 அடிக்குள் தள்ளாட்டத்தை விழுங்கிவிட்டுச் சீராகிவிடுகிறது. 150 அடித் தூரத்தில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஃபோர்ஹேண்ட் எறிந்து கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு இப்போது பயமில்லை.

காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் இது இன்னும் உதவுகிறது. ஹட்சன் மில்ஸில் ஒரு எறிதல் பிசகினால் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒரு கால் மட்டும் ஊன்ற இடமிருக்கும் நிலையில் நிற்க நேரிடும். ஓடி வந்து எறிய வழியில்லை. நின்ற இடத்திலேயே மணிக்கட்டை மட்டும் சொடுக்க வேண்டும். வேகம் குறைவாக இருந்தாலும் இது எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகமில்லை என்பதால், இருக்கும் இடைவெளியைப் பார்த்து வளைத்து வெளியே எடுத்துவிடலாம்.

தரையைத் தொட்ட பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். சாய்ந்து வேகமாக வருவதால் கோடைக்காலத்தின் இறுகிய தரையில் மோதித் துள்ளும். 20 அடி, சில நேரம் 30 அடிகூட இடப்பக்கம் சறுக்கிப் போகும். அந்தத் துள்ளலையும் சேர்த்துக் கணக்குப் போடப் பழகினால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூடையைக்கூடத் தொடலாம். கணக்கில் சேர்க்காவிட்டால், நல்ல எறிதலே காலை வாரிவிடும். சரிவில் கூடை இருந்தால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. விளிம்பில் நின்று உருளத் தொடங்கிவிட்டால் கென்சிங்டன் குன்றின் அடிவாரம் வரை போய் எடுக்க வேண்டும்.

என் முதல் டிஸ்க் நியூட்ரான் பிளாஸ்டிக். பிறகு வாங்கியது பிளாஸ்மா. நியூட்ரான் ஒளி ஊடுருவாதது, பிடிக்கச் சொரசொரப்பாக இருக்கும். பிளாஸ்மாவில் உலோகம் மாதிரி ஒரு மினுமினுப்பு. மிச்சிகன் குளிரில் எல்லாப் பிளாஸ்டிக்கும் விறைத்து வழுக்கத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே போன நாட்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விரலில்தான் உணர்ச்சி இல்லாமல் போகிறது. பனி பெய்த புதிதில் டிஸ்க் சாய்ந்து உள்ளே புகுந்துவிடும், மேலே ஒரு சிறு கோடு மட்டும் தெரியும். அதனால் குளிர்காலத்தில் அடிப்பகுதியில் ஒரு ரிப்பனை ஒட்டி எறிகிறோம். அது பறப்பதைக் கொஞ்சம் கெடுக்கிறது. டிஸ்க்கே தொலைவதற்கு அது தேவலை.

தேய்மானம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முதல் சீசன் முழுக்க எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த சீசனின் நடுவில், எதிர்காற்றில் முழு பலத்தில் எறியும்போது லேசாக வலப்பக்கம் தயங்கத் தொடங்கியது. மரத்தில் மோதி மோதி மூக்கு நசுங்கி, பார்ட்டிங் லைன் கீழே இறங்குவதால் வரும் மாற்றம் இது. இப்போது அந்த நியூட்ரான், புதிதாக இருந்தபோது 40 அடி இடப்பக்கம் போன எறிதலில் 30 அடிதான் போகிறது. தூரம் 10 அடி கூடியிருக்கிறது. எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை. பழையது அமைதியான நாளுக்கு, புதிய பிளாஸ்மா காற்று நாளுக்கு என்று பிரித்துக்கொண்டேன். விளிம்பில் பிசிறு எழுந்து விரலைக் கீறினால் மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். போட்டி விதிகளும் அந்த அளவுக்கு அனுமதிக்கின்றன. டிஸ்க் பறக்கும் விதத்தையே மாற்றும் அளவுக்குச் சீவக் கூடாது, அவ்வளவுதான்.

இதே வேலைக்கு வேறு டிஸ்க்குகளும் உண்டு. இன்னோவாவின் ராக்3 இதைவிட மென்மையானது, கிளைடும் அதிகம். ஒரே ஒரு மிட்ரேஞ்ச் வைத்து ஆடுபவர்களுக்கு டிஃப்ளெக்டரைவிட அதையே சொல்வேன். டைனமிக் டிஸ்க்ஸின் ஜஸ்டிஸ் இந்த ஓவர்ஸ்டேபிள் பக்கத்தின் கடைக்கோடி. கிளைடு எண்ணே 1 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவருடையதை எறிந்து பார்த்தேன். கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. டிஸ்க்ராஃப்டின் ஸோன் மிட்ரேஞ்ச் இல்லை, ஆனாலும் 180 அடிக்குள் டிஃப்ளெக்டர் செய்யும் எல்லாவற்றையும் செய்யும். ஸோன் கைக்குப் பழகியவர்கள் டிஃப்ளெக்டர் வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். நான் இரண்டையும் வைத்திருந்து, கடைசியில் ஸோனைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். காரணம் அந்த 180-லிருந்து 220 அடி வரையுள்ள இடைவெளி.

யாருக்கு இது வேண்டாம்? ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு. கேன்டனில் இருக்கும் நண்பனை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். பையில் கை விட்டவன், நிறம் பிடித்துப்போய் இதைத்தான் எடுத்தான். எறிந்தான். 60 அடி போனதுமே இடப்பக்கம் படுத்து, பக்கத்துப் புதரில் போய் நின்றது. “என்ன மச்சி, கையை விட்டதும் படுத்துக்கிச்சு?” என்றான். இன்னும் பலமாக எறிந்தான். இன்னும் வேகமாக இடப்பக்கம் போனது. பஸ்ஸைக் கொடுத்தேன். முதல் எறிதலே 150 அடி, கிட்டத்தட்ட நேராக. டிஃப்ளெக்டர் பறக்க வேண்டிய வேகம் கையில் இல்லாவிட்டால், எறிதலின் தொடக்கத்திலேயே ஃபேட் ஆரம்பித்துவிடுகிறது. தப்பு எறிதலில் இருக்கிறதா டிஸ்க்கில் இருக்கிறதா என்றே புதியவர்களுக்குப் புரியாது. நேரான மிட்ரேஞ்ச் 200 அடியைத் தாண்டிப் போகத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் வந்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. கை பழகியவர்களுக்கும் இது ஒரு சோம்பேறித்தனத்தைக் கொடுக்கிறது. எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் வந்துவிடுவதால், மணிக்கட்டு திரும்புவது, தோள் சாய்வது போன்ற கோளாறுகள் வெளியே தெரியாமலே போகும். அதனால் பயிற்சிக்குப் போகும் நாட்களில் இதை வீட்டிலேயே வைத்துவிட்டு, நேரான டிஸ்க்கையோ பட்டிங் டிஸ்க்கையோதான் எடுத்துப் போகிறேன்.

வாங்குபவர்களுக்குச் சில சொச்ச விஷயங்கள். எடை முடிந்தவரை 175 கிராமுக்கு மேல் எடுங்கள். காற்றுக்காக வாங்கும் டிஸ்க்கில் எடையைக் குறைப்பதில் அர்த்தமில்லை. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்பது விதி தரும் உச்சவரம்பு, அதற்குள்தான் நிறுவனங்கள் வார்க்கின்றன. இணையத்தில் வாங்கினால் எடையைத் தேர்ந்தெடுக்க விடும் கடையாகப் பாருங்கள். ஒரு கடையில் கேட்டது ஒன்று, வந்தது 168 கிராம். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில். நிறத்தில் பச்சை வேண்டாம், சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம். கோடையில் பச்சை தொலையும். அக்டோபரில் மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடக்கும்போது சிவப்பையும் ஆரஞ்சையும் தேடி எடுப்பதற்குள் பின்னால் வரும் குழு வந்துவிடும். நீலம் அல்லது கண்ணில் அடிக்கும் இளஞ்சிவப்பு நல்லது. அடிப்பகுதியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். இங்கே கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். என் நியூட்ரான் ஹியூரான் ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து அப்படித்தான் திரும்பி வந்தது.